ஓடும் வரைபடம், தொடரும் கண்: வாசகர் கேள்வி பதில்

மாறிக்கொண்டே இருக்கும் தரவை அசையும் வரைபடமாகக் காட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்துவிட்டோம்.

நூற்றெண்பது நாடுகளின் வருமானத்தையும் சராசரி ஆயுளையும் குமிழி வரைபடமாகப் போட்டு, 60 ஆண்டுகளை 30 விநாடியில் ஓடவிடுகிறேன். மாணவர்கள் ரசிக்கிறார்கள். ஆனால் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "எல்லாம் மேலே போச்சு சார்" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. கோளாறு எங்கே?
– கல்லூரி விரிவுரையாளர்

மாணவர்கள் சொன்னது சரியான பதில்தான். அந்த வரைபடம் அவர்களிடம் கேட்ட கேள்வியே அவ்வளவுதான். நூற்றெண்பது குமிழிகள் ஏறக்குறைய ஒரே திசையில் நகர்ந்தால் கண் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்காது. பறவைக் கூட்டம் போல ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளும். தனித்தனியாகத் தொடரச் சொன்னாலும் முடியாது. ஒரே மாதிரி இருந்து தன்போக்கில் நகரும் புள்ளிகளில் நாலைந்தை மட்டுமே ஒருவரால் ஒரே நேரத்தில் தொடர முடியும் என்பது பிலிஷின், ஸ்டார்ம் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட சோதனையிலிருந்து தெரிந்த விஷயம். ஆகவே எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஓட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஓடும்போது சொன்னால் தாமதம்.

முதல் ஆண்டின் படத்தை அசையாமல் எட்டுப் பத்து விநாடி நிறுத்துங்கள். கிடை அச்சு எது, நெடு அச்சு எது, குமிழியின் அளவு எதைக் குறிக்கிறது, நிறம் எதைக் குறிக்கிறது என்பதை இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு குமிழியை எடுத்து வாசித்துக் காட்டுங்கள்: இது இங்கே நிற்கிறது, அப்படியானால் வருமானம் இவ்வளவு, ஆயுள் இவ்வளவு. அடுத்ததுதான் பெரும்பாலோர் விட்டுவிடும் படி. வலப்பக்கம் போனால் என்ன பொருள், மேலே போனால் என்ன பொருள், கீழே விழுந்தால் என்ன நடந்திருக்கும் என்று திசைகளுக்கு அர்த்தம் சொல்லிவிடுங்கள். அசைவு என்பது திசையும் வேகமும்தான். திசையின் பொருள் தெரியாதவருக்கு அது வெறும் ஆட்டம்.

முதல் ஓட்டம் கூட்டத்துக்காக. எல்லாக் குமிழிகளும் ஓடட்டும். இரண்டாம் ஓட்டத்தில் மூன்று நாடுகள் மட்டும் நிறத்தோடு இருக்க, மற்றவை சாம்பல் நிறத்தில் கால் பங்கு அடர்த்திக்கு மங்கட்டும். முழுக்க நீக்கிவிடாதீர்கள், கூட்டத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த மூன்றும் என்ன செய்தன என்பது புரியும். பெயர் குமிழியோடு ஒட்டி நகர வேண்டும். ஓரத்தில் நிறக் குறிப்புப் பெட்டி வைத்தால், பார்ப்பவர் அங்கே போய்த் திரும்புவதற்குள் குமிழி இடம் மாறியிருக்கும். அந்த மூன்றுக்கும் பின்னால் தடம் விடுங்கள்: ஐந்து ஆண்டுக்கு ஒரு சிறு வட்டம், இடையே மெல்லிய கோடு. நடந்ததை நினைவில் சுமக்கும் வேலையைத் தடம் எடுத்துக்கொள்ளும்.

வேகக் கணக்குக்கு வருவோம். உங்கள் ஓட்டத்தில் ஓர் ஆண்டுக்கு அரை விநாடி. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவத் தொடங்கவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி ஆகும். மூலையில் இருக்கும் ஆண்டு எண்ணைப் பார்த்து, வாசித்து, திரும்பிக் குமிழியைத் தேடிப் பிடிப்பதற்குள் ஓர் ஆண்டு போயே போய்விடும். திருப்பம் இருக்கும் பகுதியில் ஆண்டுக்கு ஒரு விநாடி கொடுங்கள். திருப்பம் வந்ததும் இரண்டு மூன்று விநாடி முழுமையாக நிறுத்துங்கள். ஒன்றும் நடக்காத ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம், ஆனால் வேகம் கூடியதைத் திரையில் தெரிவித்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாடு அந்த ஆண்டுகளில் பாய்ந்து முன்னேறியதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006இல் டெட் (TED) உரை மேடையில் இதே வகைக் குமிழிகளை ஓடவிட்டது உலகப் புகழ் பெற்றது. பார்த்துப் போலச் செய்தவர்கள் குமிழிகளை எடுத்துக்கொண்டார்கள், அவருடைய குரலை விட்டுவிட்டார்கள். விளையாட்டு வர்ணனையாளர் போல எந்தக் குமிழியைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனதுதான் பாதி வேலை.

இன்னொன்று. குமிழியின் பரப்புதான் மக்கள்தொகைக்கு விகிதமாக இருக்க வேண்டும், ஆரம் அல்ல. ஆரத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். மதிப்பின் வர்க்கமூலத்தை ஆரமாக வையுங்கள். பெரிய குமிழிகளை முதலில் வரைந்து சிறியவற்றை அவற்றின் மேல் வரையுங்கள். சிறியவை பின்னால் மறைந்து திடீரென்று எட்டிப் பார்த்தால் புதிதாகத் தோன்றியவை என்று கண் ஏமாறும்.

பட்டைகள் ஒன்றையொன்று முந்தும் "பார் சார்ட் ரேஸ்" செய்தேன். இருபது ஆண்டு மாதாந்தரத் தரவு, ஒரு நிமிட வீடியோ. பட்டைகள் நடுங்குகின்றன, பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.
– வீடியோ தயாரிப்பாளர்

இருநூற்று நாற்பது மாதங்களை 60 விநாடியில் அடைத்தால் விநாடிக்கு நான்கு மாதம். இரண்டு பட்டைகள் இடம் மாறுவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய அரை விநாடியிலிருந்து முக்கால் விநாடி வேண்டும். அதாவது ஓர் இடமாற்றம் முடிவதற்குள் அடுத்த இரண்டு மாதங்கள் வந்து புது வரிசையைக் கேட்கின்றன. பாதி வழியில் போன பட்டை திரும்புகிறது. நடுக்கம் அதுதான்.

நீளத்தையும் வரிசையையும் பிரித்துவிடுங்கள். நீளம் மாதாமாதம் தொடர்ந்து வளரட்டும்; வரிசையை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது ஒரு பட்டை மற்றதைத் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்து முன்னிலையில் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். இந்த விதியை வீடியோவின் அடியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பத்துப் பட்டைக்கு மேல் வேண்டாம். பட்டையின் முனையில் ஓடும் எண்களை இரண்டு மூன்று முக்கிய இலக்கங்களுக்குச் சுருக்கி, எல்லா இலக்கமும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில் போடுங்கள். சாதாரண எழுத்துருவில் 1 ஒல்லி, 8 குண்டு என்பதால் எண் இடமும் வலமும் ஆடும்.

இந்த வகையில் நடுக்கத்தைவிடப் பெரிய குற்றம் அச்சில் இருக்கிறது. முதலிடப் பட்டை எப்போதும் திரையின் முழு அகலத்தையும் நிரப்பும்படி பெரும்பாலான மென்பொருள்கள் அளவுகோலை ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்திலும், மாற்றுகின்றன. விளைவு: பத்து மடங்கு வளர்ந்த முதலாமவர் அசையாமல் நிற்கிறார், இரட்டிப்பாக வளர்ந்த ஐந்தாமவர் சுருங்குவது போலத் தெரிகிறார். தரவு சொல்வதற்கு நேர் எதிரானதைக் கண் பார்க்கிறது. கடைசி மதிப்பு தொடக்க மதிப்பைப் போல நாலைந்து மடங்குதான் என்றால் அச்சை முதலிலிருந்தே நிலையாக வைத்துவிடலாம். ஐம்பது மடங்கு என்றால் தொடக்கத்தில் பட்டையே தெரியாது. அப்போது அச்சைச் சில ஆண்டுகள் நிலையாக வைத்து, பட்டைகளை நிறுத்தி, அளவுகோலை மட்டும் ஒரு விநாடியில் மாற்றி, மறுபடி ஓடவிடுங்கள். கட்டக்கோடுகளும் அவற்றின் எண்களும் அளவுகோலோடு சேர்ந்து இடப்பக்கம் நகர்வது கண்ணில் பட வேண்டும்.

முதலிடம் கைமாறுவதைத் தவிர வேறு செய்தி இல்லாத தரவுக்குத்தான் இந்த வடிவம் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. யார் எவ்வளவு வேகமாக வளர்ந்தார் என்பது கேள்வியென்றால் சாதாரணக் கோட்டு வரைபடம் ஐந்து விநாடியில் சொல்லிவிடும்.

இணையப் பக்கத்தில் வரைபடம் வரைய உதவும் டி3 என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுதிய வரைபடத்தில், வடிகட்டியை அழுத்தினால் ஒரு நாட்டின் குமிழி இன்னொரு நாட்டின் இடத்துக்குப் பறக்கிறது. புதிய குமிழிகள் இடப்பக்க மேல் மூலையிலிருந்து வருகின்றன. ஓட்டமும் விட்டுவிட்டுத் துடிக்கிறது.
– மென்பொருள் மாணவி

கேட்டது ஒன்று போலத் தெரிந்தாலும் கோளாறு மூன்று. முதலாவது, தரவை வட்டங்களோடு இணைக்கும்போது, எந்த வரி எந்த வட்டத்துக்கு உரியது என்று சொல்லும் கீ ஃபங்ஷன் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் வரிசை எண்ணை வைத்தே இணைப்பு நடக்கும்: முதல் வட்டத்துக்கு முதல் வரி, இரண்டாவதற்கு இரண்டாவது. வடிகட்டியதும் ஐந்தாம் வரியில் இருந்த பிரேசில் போய் அங்கே நார்வே வந்து நிற்கும்; வட்டம் மட்டும் பழையது. ஒவ்வொரு வரிக்கும் மாறாத அடையாளக் குறி ஒன்று வைத்து அதைக் கீயாகக் கொடுங்கள். பெயரை வைக்காதீர்கள். நாடுகள் பெயர் மாற்றிக்கொள்வதுண்டு.

இரண்டாவது, புதிதாகச் சேரும் வட்டத்துக்கு நகர்வு தொடங்குமுன் இடம் கொடுக்கவில்லை. இடம் சொல்லாத வட்டத்தின் மையம் பூஜ்யம், பூஜ்யம். திரையில் அது இடப்பக்க மேல் மூலை. முதலில் சரியான இடத்தில் வைத்து, தெரியாத நிலையிலிருந்து அடர்த்தியை மட்டும் கூட்டுங்கள். நீங்கும் வட்டமும் நின்ற இடத்திலேயே மங்கி மறையட்டும்.

மூன்றாவது துடிப்பு. டி3இன் நகர்வு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், மெதுவாகத் தொடங்கி நடுவில் வேகமெடுத்து மெதுவாக முடியும். பட்டையை வரிசைப்படுத்துவது போன்ற ஒற்றை மாற்றத்துக்கு அது நல்லது. எங்கே போய் நிற்கும் என்று கண் முன்கூட்டியே ஊகிக்க உதவும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து ஓடும் படத்தில் ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் பிரேக் பிடித்து, அடுத்த ஆண்டில் புறப்படும். அங்கே சீரான வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். கால அளவையும் பாருங்கள்: இயல்பாக 250 மில்லி விநாடிதான் இருக்கும். பொத்தான் மினுக்கத்துக்குப் போதும், தரவு மாற்றத்துக்குப் போதாது. 750 முதல் 1000 வரை வையுங்கள்.

கூடுதலாக ஒரு பொறி: பின்னணியில் இருக்கும் டேபில் பிரவுசர் திரை வரைவதை நிறுத்திவிடும். தனி டைமர் வைத்து ஆண்டைக் கூட்டினால் எண் ஓடிக்கொண்டிருக்க, குமிழிகள் நின்றிருக்கும். இரண்டையும் ஒரே கடிகாரத்திலிருந்து ஓட்டுங்கள்.

பட்டை வரைபடத்தின் வரிசை, அளவுகோல், மதிப்பு மூன்றும் ஒரே சமயத்தில் மாறும்போது யாருக்கும் புரிவதில்லை. அனிமேஷனையே எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். படிப்படியாகப் பிரியுங்கள். முதலில் அளவுகோல், அடுத்து மதிப்பு, கடைசியில் வரிசை. ஒவ்வொன்றுக்கும் முக்கால் விநாடி, நடுவே சிறு இடைவெளி. ஜெஃப்ரி ஹீரும் ஜார்ஜ் ராபர்ட்சனும் 2007இல் செய்த சோதனைகளில், வரைபடம் சட்டென்று மாறுவதைவிட நன்கு அமைத்த அசைவோடு மாறும்போது எது எங்கே போனது என்பதைப் பார்வையாளர்கள் மேலாகத் தொடர்ந்தார்கள். மூன்று படிக்கு மேல் போனால் பொறுமை தீரும். அவ்வளவு மாற்றம் தேவைப்பட்டால் அது வேறு படம், தனியாகப் போடுங்கள்.

பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்புதான் கையில் இருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளை மென்பொருள் தானே நிரப்பிவிடுகிறது. இது நேர்மையா?
– இதழியல் துறை மாணவர்

இப்படி நிரப்புவதை இடைச்செருகல் என்றும் சொல்வதுண்டு. பழைய நூல்களில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த வரிகளுக்கும் அதே பெயர் என்பதால், அவற்றைப் பதிப்பிப்பவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். தரவு விஷயத்திலும் அந்தச் சுளிப்பு கொஞ்சம் இருப்பது நல்லது. 1910, 1920 இரண்டின் சராசரி ஆயுளை மட்டும் வைத்து நேர்கோட்டில் நிரப்பினால் 1918இன் இன்ஃப்ளுயன்ஸா பெருந்தொற்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். குமிழி அமைதியாக மேலே நகரும்.

பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியும்படி செய்தால் தவறில்லை. அளந்த ஆண்டில் குமிழி முழு நிறத்தோடு அரை விநாடி நிற்கட்டும். நிரப்பிய ஆண்டுகளில் உள்ளே வெறுமையாக, வெளிக்கோடு மட்டும் இருக்கட்டும். ஆண்டு எண்ணையும் 1910, 1920 என்றே காட்டுங்கள். 1913 என்று காட்டினால் 1913இல் யாரோ அளந்ததாகப் பொருள். வளைகோட்டு முறையில் நிரப்பும் வசதியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். அது அளந்த புள்ளிகளைத் தாண்டி மேலும் கீழும் துள்ளும். எழுத்தறிவு 100 சதவீதத்தைத் தாண்டிப் போன வரைபடங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. மடக்கை (log) அளவுகோல் அச்சில், அதாவது ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல இத்தனை மடங்கு என்று போகும் அச்சில், ஓடவிடுவதாக இருந்தால் மதிப்பின் மடக்கையை எடுத்து நிரப்புங்கள். மதிப்பை நேரடியாக நிரப்பினால் குமிழி முதலில் பாய்ந்து பிறகு தவழும். அந்த வேக மாற்றம் தரவில் இல்லாதது.

நாடுகள் பிரிவதும் இதில் சேரும். 1991இல் சோவியத் ஒன்றியம் 15 நாடுகளானது. அந்த ஆண்டில் ஒரு குமிழி மறைந்து பதினைந்து திடீரென்று தோன்றினால் பார்ப்பவர் என்ன நடந்தது என்று தேடுவதிலேயே அடுத்த சில ஆண்டுகளைத் தவறவிடுவார். ஓட்டத்தை நிறுத்தி, ஒன்று பதினைந்தாக உடைவதை ஒரு விநாடி காட்டிவிட்டுத் தொடருங்கள்.

ஆண்டு எண்ணை எங்கே வைப்பது?

வரைபடத்தின் உள்ளேயே, குமிழிகளுக்குப் பின்னால், பெரிதாக, மங்கலான சாம்பல் நிறத்தில். ஓரக்கண்ணால் வாசிக்க முடிய வேண்டும். விளக்கத்தைத் திரையில் வாக்கியமாக ஓடவிட்டு அதே நேரம் குமிழியையும் ஓடவிட்டால் இரண்டில் ஒன்றைத்தான் கண் பார்க்கும். விளக்கத்தைக் குரலில் சொல்லுங்கள். குரல் இல்லாத வீடியோ என்றால் நிறுத்தத்தின்போது மட்டும், எட்டுச் சொல்லுக்குள் எழுதுங்கள்.

அலுவலக அறிக்கைக்கு அனிமேஷன் நல்லதா, சிறு சிறு வரைபடங்களை வரிசையாக அடுக்குவது நல்லதா?
– தரவுப் பகுப்பாய்வாளர்

நீங்களே தரவைத் துழாவிப் பார்க்கும் கட்டத்தில் அடுக்கிவையுங்கள். ராபர்ட்சனும் கூட்டாளிகளும் 2008இல் மூன்று வடிவங்களை ஒப்பிட்டார்கள்: ஓடும் குமிழிகள், எல்லாத் தடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட படம், நாட்டுக்கு ஒன்றாக அடுக்கிய சிறு படங்கள். பகுப்பாய்வு வேலையில் அனிமேஷன்தான் கடைசி. நிலையான இரண்டும் அதைவிட வேகமாகப் பதில் தந்தன. அடுக்கிய படங்களில் பிழையும் குறைவு. ஆனால் மக்களுக்குப் பிடித்தது அனிமேஷன்தான். பிடித்ததும் புரிந்ததும் ஒன்றல்ல என்பதை மேலதிகாரியிடம் சொல்வது உங்கள் சாமர்த்தியம். அறிக்கையில் அடுக்கிய படங்களைக் கொடுத்து, கூட்டத்தில் பேசும்போது ஒரு ஓட்டத்தைக் காட்டுங்கள். அடுக்கும்போது எல்லாப் படத்துக்கும் ஒரே அச்சு அளவு இருக்க வேண்டும்.

நேரலைத் தகவல் பலகையில் எண்கள் விநாடிக்கு ஒருமுறை மாறுகின்றன. எது மாறியது என்று பணியில் இருப்பவர்கள் கவனிப்பதே இல்லை.
– கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர்

முதலில் பாருங்கள்: புதுப்பிக்கும்போது திரை ஒரு கணம் வெற்றாகிறதா? இரு படங்களுக்கு நடுவே ஒரு கணம் வெறுமை வந்தால் பெரிய மாற்றம்கூடக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று ரென்சிங்கும் சக ஆய்வாளர்களும் 1997இல் காட்டினார்கள். பக்கத்தை முழுதாக மறுபடி ஏற்றாமல் மாறிய கட்டத்தை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்து, மாற்றங்களைச் சேர்த்துவைத்து மூன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை கொடுங்கள். எச்சரிக்கை மட்டும் உடனே வரட்டும். மாறிய கட்டத்தின் பின்னணி சட்டென்று நிறமேறி இரண்டு விநாடியில் மெல்ல மங்கட்டும். பக்கத்தில் பழைய மதிப்பு சிறிய எழுத்தில் நிற்கட்டும். எல்லாக் கட்டமும் மினுக்கினால் எதுவும் மினுக்காததற்குச் சமம். எனவே ஒரு வரம்பை மீறிய மாற்றத்துக்கு மட்டும் நிறம். மதிப்பை வைத்து வரிசைகள் தானே இடம் மாறும் பலகையில், சுட்டி மேலே இருக்கும் வரை வரிசையைப் பூட்டிவையுங்கள். தவறான வரியை அழுத்துவது அங்கேதான் நடக்கிறது.

ஓடும் படங்களைப் பார்த்தால் தலைசுற்றுகிறது என்று சிலர் சொல்கிறார்கள்.

உண்மைதான், அலட்சியப்படுத்தாதீர்கள். திரை முழுவதும் பெரிதாவதும் சிறிதாவதும் சுழல்வதும்தான் அதிகம் படுத்தும். குமிழி நகர்வது அவ்வளவு இல்லை. அசைவைக் குறைக்கும்படி கணினியில் அமைத்திருப்பவர்களை, இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் (CSS) மொழி வழியாகவே கண்டறியலாம். அவர்களுக்கு ஓட்டத்துக்குப் பதில் நாலைந்து நிலைப்படங்களும் ஒரு ஸ்லைடரும் கொடுங்கள். வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த வழி வேண்டும் என்கிறது. ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பதும் அதில் உண்டு. வலிப்பு வரும் அபாயம் அதற்குக் காரணம்.

கணினியில் கூர்மையாக இருந்த சிவப்புக் கோடு வீடியோவில் கலங்கிப்போகிறது.

வழக்கமான வீடியோ வடிவங்கள் நிற விவரத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாதியாகக் குறைத்துச் சேமிக்கின்றன. வெளிச்ச விவரத்தை முழுதாக வைக்கின்றன. கோட்டை மூன்று நான்கு பிக்சலாகத் தடிப்பாக்கி, பின்னணியோடு நிறத்தில் மட்டுமல்லாமல் வெளிச்சத்திலும் வேறுபடுத்துங்கள். ஜிஃப் (GIF) என்ற அசையும் படக் கோப்பாக்கினால் ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறம்தான். நிறுத்திப் பார்க்கும் பொத்தானும் இருக்காது.

பார்ப்பவர்களுக்குப் புரிகிறதா என்று வெளியிடுமுன் எப்படிச் சோதிப்பது?

தரவை முன்பே அறியாத ஐந்து பேர் போதும். ஒரே ஒரு முறை ஓடவிட்டு, திரையை மூடிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எது முந்தியது, எந்த ஆண்டுவாக்கில், அதற்கு முன் எங்கே இருந்தது? "பிடித்ததா" என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றே சொல்வார்கள். எது என்பதில் தடுமாறினால் நிறங்களும் பெயர் ஒட்டும் இடமும் சரியில்லை. ஆண்டில் தடுமாறினால் அந்த இடத்தில் நிறுத்தம் இல்லை, அல்லது ஆண்டு எண் கண்ணுக்கு எட்டாத மூலையில் இருக்கிறது. முன் இருந்த இடம் நினைவில்லை என்றால் தடம் வேண்டும். திருத்திய படத்தை அதே ஐந்து பேரிடம் காட்டாதீர்கள். அவர்களுக்கு இப்போது விடை தெரியும்.